உதாரணக் கொப்பியும் ஒரு கத்தரிக்கோலும்

இறையியல் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்டார்கள்: "அம்மா, நெருக்கடியில இருக்கிற சின்னப் பிள்ளைகளோட ஒரு போதகர் எப்பிடி நடக்கவேணும் எண்டு எழுதித் தாங்க. பொயின்ற் பொயின்றா இருந்தா நல்லம்."

இருபது வருடமாகப் போதகராக இருக்கிறேன், பத்துப் பொயின்ற் வராமலா போகும் என்று உட்கார்ந்தேன். ஐந்தாவதில் பேனை நின்றுவிட்டது. எழுதியது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவ்வளவும் தெரிந்திருந்தும் போன மாரியில் என் சொந்த வீட்டில் கோட்டை விட்டேன். ஆகவே பொயின்றுகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை எழுதுகிறேன்.

1. வெள்ளைக் காசக்

முதல் நியமனம் கிடைத்து, எனக்கு ஒப்படைத்த சபைகள் அடங்கிய சேகரத்துக்கு வந்த முதல் நாளே ஒரு ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்த அத்தனை பிள்ளைகளையும் அழ வைத்த பெருமை எனக்கு உண்டு.

சபைப் பையன் ஒருவன் மாமரத்தால் விழுந்து, கால் முறிந்து, மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் இருப்பதாக எங்கள் ஸ்டூவர்ட் செல்வராசா அண்ணன் சொன்னார். ஸ்டூவர்ட் என்பவர் சபைக் காரியங்களைப் பார்க்கிற மூத்த அங்கத்தவர். போதகர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஸ்டூவர்ட் மாறமாட்டார்.

நான் புதிதாகத் தைத்த வெள்ளைக் காசக்கை, அதாவது கழுத்திலிருந்து கணுக்கால் வரை வரும் அங்கியை, மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டு போனேன். ஒரு கையில் கறுப்பு வேதாகமம், மறுகையில் தோல் பை. சிறுவர் வாட்டு வாசலில் கால் வைத்ததும் முதல் கட்டிலில் இருந்த வாண்டு எழும்பி நின்று கத்தியது.

"ஊசிக்காரி வாறா!"

அடுத்த கட்டில் தொடங்கியது. பிறகு அதற்கடுத்தது. கடைசிக் கட்டிலில் அதுவரை நிம்மதியாக நித்திரை கொண்ட கைக்குழந்தை வரைக்கும் போய்விட்டது. வாட்டில் வேலை செய்த பரீதா ராத்தா விளக்குமாற்றோடு ஓடிவந்தார்.

"ஆரு நீங்க? புது டொக்டரா?"

"இல்ல, நான் பாஸ்டர். ஜெபம் பண்ண வந்தன்."

"ஜெபத்த மறுகா பண்ணலாம். முதல்ல அந்த வெள்ளையக் கழட்டிப்போட்டு வாங்க. இதுகள நித்திரையாக்க நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்!"

காசக்கைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு, சாதாரணச் சேலையோடு போய் அந்தப் பையனின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கதிரை கிடைக்காததால் உட்கார்ந்ததுதான். ஆனால் என் முகம் அவன் முகத்துக்கு நேராக வந்தது. அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்:

"ஜெபம் பண்ணப் போறீங்களா?"

"ஓம்."

"கன நேரமா?"

"கொஞ்ச நேரந்தான்."

"அப்ப முதல்ல அந்தப் போத்தல எடுத்துத் தாங்க. விடியத்துல இருந்து எட்டி எட்டிப் பாக்கிறன், கை போகுதில்ல."

தண்ணீர் குடித்து முடித்த பிறகு, அவனே கண்ணை மூடிக்கொண்டு "ம், பண்ணுங்க" என்றான்.

தரையில் உட்காரவும், முதலில் தண்ணீர் கொடுக்கவும் அன்றே தெரிந்துகொண்டேன். இது ஒன்றும் பெரிய கெட்டித்தனம் இல்லை. கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

2. குவைத்தில் இருந்து வந்த ஊத்தைச் சட்டை

பிரசங்கம் செய்கிறவர்களிடம் பெரும்பாலும் ஒரு கொப்பி இருக்கும். கண்டது, கேட்டது, சிரிப்பு வந்தது, அழுகை வந்தது எல்லாம் அதில் எழுதி வைப்போம். ஞாயிற்றுக்கிழமை வசனத்துக்கு ஒரு கதை தேவைப்பட்டால் அதைப் புரட்டுவோம். என்னுடையது நீல மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. மேலே "உதாரணங்கள்" என்று என் கையெழுத்தில் இருக்கும்.

இரண்டாவது சேகரத்தில் டிலக்சி என்றொரு பிள்ளை. ஏழு வயது. தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஐந்து மாதம். பிள்ளை பாடசாலையில் வாய் திறக்கிறாளில்லை என்று தகப்பன் வந்து சொன்னார். தகப்பனின் தங்கைதான், டிலக்சியின் மாமிதான், பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்.

வாரத்துக்கு ஒருதடவை போவேன். மாமி முற்றத்தில் இறால் உடைத்துக்கொண்டிருப்பார், நானும் டிலக்சியும் ஒரு சுளகைப் பங்கு போட்டு உடைப்போம். நாலு கிழமை இறால்தான், பேச்சில்லை. ஐந்தாவது கிழமை மாமி தண்ணீர் அள்ளப் போன நேரம் அவள் இறாலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"பாஸ்டரம்மா, ஒங்களுக்கு மட்டும் ஒண்டு சொல்லுறன். அம்மாட பழைய சட்ட ஒண்டு இரிக்கு. தலகாணிக்குள்ள வெச்சிரிக்கன். அம்மா மணக்கும்."

"இன்னும் மணக்குதா?"

"கொஞ்சந்தான். நெடுக மணந்தா முடிஞ்சிரும். அதால ஒருநாளைக்கு ஒருக்காத்தான்."

வீட்டுக்கு வந்தவுடன் கொப்பியில் எழுதினேன். அடுத்த ஞாயிறு பீடத்தில் சொன்னேன். பேர் சொல்லவில்லை, "எனக்குத் தெரிந்த ஒரு சிறு பிள்ளை" என்றுதான் தொடங்கினேன். கோயில் முழுவதும் கண்ணைத் துடைத்தது. என் பிரசங்கத்தில் அப்படியொரு அமைதி அதற்கு முன் வந்ததில்லை. மனதுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் பேர் எதற்கு? நாலாம் வரிசை வாங்கில் மாமி இருந்தார். அத்தனை தலைகளும் அவர் பக்கம் திரும்பியிருக்கின்றன, நான் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போனபோது கொடியில் அந்தச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. சவர்க்காரம் போட்டு, நீலமும் போட்டு, பளிச்சென்று இருந்தது.

"பாருங்க பாஸ்டரம்மா," என்றார் மாமி. கோபத்தை அடக்கித்தான் பேசினார். "அண்ணி இல்லாட்டி நான் புள்ளைய ஊத்தையோடயா வெச்சிரிக்கன்? சபையே என்னைக் கிறுகிக் கிறுகிப் பாக்குது."

டிலக்சி அழவில்லை. "அது இப்ப சவுக்காரம் மணக்குது" என்று மட்டும் சொன்னாள். பிறகு எழும்பி உள்ளே போய்விட்டாள். அன்று அந்தச் சுளகு இறால் முழுவதையும் நான் தனியாக உடைத்தேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள், ஆனால் அது மன்னிப்பு இல்லை, மரியாதை. பிறகு தகப்பனிடம் இலக்கம் வாங்கிக் குவைத்துக்குக் கோல் எடுத்தேன்.

"உடுப்பா? புதுசு வாங்கி அனுப்புறன் பாஸ்டரம்மா. என்ன சைஸ்?"

"புதுசு வேணாம். நீங்க உடுத்த சட்ட ஒண்டு. கழுவாம அனுப்புங்க."

"ஐயோ, ஊத்தச் சட்டையா? பாக்கிற ஆக்கள் என்ன சொல்லுவாங்க?"

"ஊத்ததான் வேணும். ரெண்டு மூண்டு நாள் உடுத்துப்போட்டு, பொலித்தீன் பையில இறுக்கிக் கட்டிக் குடுங்க."

"சரி, நாளைக்கே உடுத்துறன்" என்றார். அவருக்கு விளங்கிவிட்டது.

ஊருக்குத் திரும்பிய ஒரு பெண்ணின் பெட்டியில் அது இரண்டு மாதம் கழித்து வந்தது. டிலக்சி பையின் வாயை ஒரு விரல் அளவு திறந்தாள், மூக்கை வைத்தாள், உடனே மூடி றப்பர் பாண்ட் போட்டாள். அதற்குப் பிறகுதான் என்னோடு மறுபடி இறால் உடைக்க வந்தாள்.

அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. எண்டாலும் மாமிய நல்லவவா எழுதுங்க, அவ பாவம்" என்றாள். மெய்தான். மாமியில் பிழை இல்லை. பிழை பீடத்தில் நின்றுகொண்டிருந்தது.

3. வீட்டில் ஒரு பிள்ளை

அதோடு ஊரார் பிள்ளைகளின் கதையைப் பிரசங்கத்தில் சொல்வதை நிறுத்தினேன். ஆனால் கதை இல்லாவிட்டால் மூன்றாம் வாங்குக்குப் பின்னால் எல்லாரும் நித்திரை. என்ன செய்வது? என் வீட்டில் மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள். ஜெருஷா. சொந்தப் பிள்ளை, யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

நாலு வயதில் "கடவுள் எங்க ஒண்டுக்குப் போவார்?" என்று கேட்டது. ஆறு வயதில் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது. ஆடு கையைக் கடித்தது. பதினொரு வயதில் கணிதப் புள்ளியை மறைத்தது. பதின்மூன்றில் பல்லுக்கு வெட்கப்பட்டு வாயைப் பொத்திச் சிரித்தது. எல்லாம் நீலக் கொப்பியில் ஏறி, பீடத்தில் இறங்கின. சபை சிரித்துவிட்டுப் பாடகர் குழுப் பக்கம் திரும்பும். அங்கே இருப்பாள்.

என் கணவர் ஜெயராஜ் கணித ஆசிரியர், அளந்துதான் பேசுவார். ஒருநாள் சொன்னார்: "நீ கத சொல்லுற நேரம் அவள்ட காதப் பாரு. சிவக்குது."

"வெக்கம். அந்த வயசுக்கு அது நல்லந்தானே" என்றேன்.

4. தோணி

பல சேகரம் சுற்றி, முதல் சேகரத்துக்கே திரும்பி வந்திருக்கிறோம். ஜெருஷாவுக்குப் பதினைந்து. வகுப்பில் உயிர்த் தோழி நிலானி.

போன மாரி தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை, இரண்டு பேரும் நிலானியின் மாமாவுடைய தோணியை எடுத்துக்கொண்டு, வாவித் தண்ணீருக்குள் வேர் ஊன்றி நிற்கும் கண்ணாமரப் பற்றைப் பக்கம் போட்டோ பிடிக்கப் போனார்கள். எங்களிடம் சொல்லவில்லை. தோணி கவிழ்ந்தது.

நான் கூட்டமொன்றில் இருந்தேன். எங்கள் ஊரில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். போனில் யாரோ சொன்னார்: "பாஸ்டரம்மா, ஒங்கட மகள் ஆத்துக்க விழுந்திட்டா." பிறகு மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்: "தப்பிட்டா, தப்பிட்டா. வல வீசினவங்க தூக்கிட்டாங்க."

அந்த இரண்டு வசனத்துக்கும் இடையில் நான் எங்கே இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாத இலக்கத்தில் இருந்து கோல் வந்தால் "ஜெருஷா எங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

ஜெருஷா இருமிக்கொண்டு, சொந்தக் காலில் கரைக்கு வந்தாள். நிலானியை நினைவில்லாமல்தான் தூக்கினார்கள். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நாலு நாள் கிடந்தாள்.

அந்த நாலு நாளும் நான் நல்ல போதகராக இருந்தேன். நிலானியின் தாய் சித்தாண்டி முருகனுக்கு நேர்த்தி வைத்தார். நான் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். பாடசாலை அதிபர் கூப்பிட்டு அவர்களுடைய வகுப்புக்குப் போனேன். தரையில் வட்டமாக உட்கார வைத்தேன். "நிலானி சாவாளா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "எனக்குத் தெரியாது மகள். டொக்டர்மார் கடுமையாப் பாக்கிறாங்க. தெரிஞ்சவுடன ஒங்களுக்கு மெய்ய வந்து சொல்லுவன்" என்றேன். பிள்ளைகளுக்குப் பொய் நம்பிக்கை கொடுக்கக்கூடாது. இது என் பொயின்றுகளில் மூன்றாவது. எல்லாரும் பேசினார்கள், அழுதார்கள், மட்டையில் படம் கீறினார்கள். பின்னால் ஜெருஷா ஒரு கடதாசியை மடித்து, விரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் நிலானி கண்ணைத் திறந்தாள். முதல் கேள்வி: "என்ட போன் எங்க?" போன் ஆற்றுக்குள். தாய் அழுதுகொண்டே சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஜெருஷா சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பினாள். பாடகர் குழுவுக்குப் போகவில்லை. நிலானியைப் பார்க்கப் போவோமா என்றால் தலையிடி. கேட்டால் "ஒண்டுமில்ல". உடுப்புத் தோளில் தொங்கத் தொடங்கியது.

ஒரு பின்னேரம் அவள் அறைக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தேன், முகத்துக்கு முகம் நேராக.

"மகள், பேசோணும் எண்டா பேசலாம். பேசாமலும் இரிக்கலாம். நான் இஞ்ச இரிக்கன்."

அவள் என்னைப் பார்த்தாள். "அம்மா, இது ஒங்கட வேலைக் குரல்."

எழும்பிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"ஒங்களுக்குச் சொன்னா ஞாயிற்றுக்கிழம வரும்" என்றாள்.

"பேர் சொல்லமாட்டன் மகள்."

"எனக்கென்னத்துக்குப் பேர்? 'என்ட மகள்' எண்டுதானே தொடங்குவீங்க."

5. நசீமா டீச்சர்

அவள் பாடசாலையில் ஆலோசனை ஆசிரியையிடம் இரண்டு தடவை போனாள் என்று அடுத்த கிழமை கேள்விப்பட்டேன். ஏறாவூரைச் சேர்ந்த நசீமா டீச்சர். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. ஓடினேன்.

"டீச்சர், மகள் என்ன சொன்ன?"

"இரிங்க பாஸ்டரம்மா. தேத்தண்ணி குடிப்பமா?"

"தேத்தண்ணி வேணாம். நான் தாய். எனக்குத் தெரியோணும்."

"விளங்குது. உசிருக்குப் பயமான ஒண்டு எண்டா அந்த நிமிசமே ஒங்களுக்குக் கோல் எடுத்திரிப்பன். அத புள்ளைக்கும் முதல் நாளே சொல்லிட்டன். இது அப்பிடியில்ல. ரெண்டு கிழமையா நல்லாத்தான் பேசுறா." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு புள்ள ஒங்களிட்டச் சொன்னத நான் வந்து கேட்டா, நீங்க சொல்லுவீங்களா?"

மாட்டேன் என்று சட்டென்று சொல்லியிருக்கவேண்டும். கொடியில் காய்ந்த சட்டை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. தேத்தண்ணியைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து ஜெயராஜிடம் சொன்னேன்: "இந்த ஞாயிறு பீடத்தில நிண்டு அவளிட்ட மன்னிப்புக் கேக்கப்போறன். எல்லாருக்கும் முன்னால."

அவர் சிவப்புப் பேனையை விடைத்தாளில் வைத்தார். "அதையும் பிரசங்கமாக்கப் போறயா?"

போதகர்களின் வியாதி அது. மன்னிப்புக் கேட்பதற்கும் எங்களுக்கு ஒரு சபை வேண்டும்.

அன்று பின்னேரம் நீலக் கொப்பியையும் கத்தரிக்கோலையும் அவளுடைய மேசையில் வைத்தேன். "உன்னப் பத்தினது எல்லாம் ஒன்டதான். வெட்டுறதெண்டா வெட்டு. நான் பாக்கமாட்டன்" என்றேன். அதிகமாக ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேலைக் குரல் வந்துவிடும்.

மூன்று நாள் கழித்துக் கொப்பி என் மேசைக்கு வந்தது, நோய் வந்து எழும்பியதுபோல மெலிந்து. பக்கம் பக்கமாக சன்னல்கள். ஆட்டு ஞானஸ்நானத்தை மட்டும் விட்டிருந்தாள். பக்கத்தில் பென்சிலால்: "ஆடு கடிக்கல்ல. முட்டின."

ஞாயிறு பிரசங்கங்களில் கதை இல்லாமல் போனது. மூன்றாவது வாரம் செல்வராசா அண்ணன் கதவடியில் கையைப் பிடித்தார்.

"அம்மா, கோவிக்கப்படாது. இப்ப பிரசங்கம் நல்ல ஆழம். எண்டாலும் நித்திர வருது. நம்மட ஜெருஷா தங்கச்சிட கத ஒண்டும் இல்லையா?"

"இல்ல அண்ணன். அது முடிஞ்சுது."

ஜெருஷா பாடகர் குழுவில் இல்லை, கடைசி வாங்கில் இருந்தாள். கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

6. பெரியகல்லாறு வரைக்கும்

அதற்குப் பிறகும் இரண்டு கிழமை போனது. நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது என் வேலையிலேயே கடினமான வேலை என்று அப்போது தெரிந்தது. எத்தனையோ தாய்மாருக்கு "காத்திருங்க" என்று லேசாகச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் எப்படி என்னை அடிக்காமல் விட்டார்களோ தெரியாது.

ஒருநாள் களுவாஞ்சிகுடியில் ரியூஷன் முடிந்து அவளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம். இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பின்னால் இருந்து அவள் சொன்னாள்:

"அம்மா. அண்டைக்குத் தோணியில..."

நான் திரும்பவில்லை. வேகத்தைக் குறைத்தேன். எழுதிக்கொள்ள கை இல்லை, ஆறுதல் வசனம் எடுக்க வேதாகமம் இல்லை. "ம்" என்றேன். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுப் படலை வந்தது. நின்றால் பேச்சு நின்றுவிடும் என்று பயந்து, தாண்டிப் போனேன். முற்றத்தில் நின்ற ஜெயராஜ் கையைத் தூக்கியவர், அப்படியே தூக்கியபடி நின்றார். பெரியகல்லாறு வந்தது. பாலத்தில் ஏறினோம். இரு பக்கமும் அதே தண்ணீர். என் முதுகில் அவளுடைய ஹெல்மெட் இடித்தது, அழுகிறாள் என்று தெரிந்தது. "ம்" என்றேன். அந்தப் பயணம் முழுவதும் நான் பேசியது அந்த ஒரு எழுத்துத்தான்.

பாலத்துக்கு அங்கால் கரையில் ஒதுக்கி நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிவிட்டுக் கேட்டாள்:

"ஏன் வீட்ட விட்டுப்போட்டு இஞ்ச வந்தனீங்க?"

"பிறேக் பிடிக்கல்ல."

"பொய்." பிறகு, "பசிக்குது" என்றாள்.

பக்கத்துக் கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டாள். முழுவதையும். என் தட்டிலிருந்தும் எடுத்தாள். கடைக்காரர் "இன்னொண்டு போடவா தங்கச்சி?" என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. வெங்காயம் என்றேன்.

அடுத்த நாள் அவளே நிலானி வீட்டுக்குப் போனாள். போகும்போது சொல்லிவிட்டுப் போனாள். அவள் திரும்பி வரும் மட்டும் நான் வாசலை ஐந்து தடவை கூட்டினேன். இதை எழுதும் இன்றும் அவள் வரப் பத்து நிமிடம் பிந்தினால் விளக்குமாற்றைத் தேடுகிறேன்.

அவள் ஸ்கூட்டியில் என்ன சொன்னாள் என்று வாசிக்கிற உங்களுக்கு அறிய ஆசையாக இருக்கும். அது இதில் இல்லை. எந்தக் கொப்பியிலும் இல்லை. போதகராகப் போகிற பிள்ளைகளுக்கு என்னிடம் இருப்பது அந்த ஒன்றுதான்: பிள்ளை உங்களை நம்பிச் சொன்னது உங்கள் பிரசங்கத்துக்கு வந்த சரக்கு அல்ல. உயிருக்கு ஆபத்து என்றால், யாரிடம் சொல்லப்போகிறீர்கள் என்று முதலில் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, சொல்லவேண்டியவரிடம் போங்கள். மற்றது எதுவாக இருந்தாலும் உங்களோடு இருக்கட்டும்.

எழுதி முடித்ததும் இதை ஜெருஷாவிடம் கத்தரிக்கோலோடு கொடுத்தேன். இரண்டு இடத்தில் வெட்டினாள். எங்காவது தாவுவதுபோல இருந்தால் அது அவளுடைய வேலை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "சரி, குடுங்க. எண்டாலும் தோணியில என்னோட இருந்தவளிட்டயும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இருபது வருட அனுபவம்! எழுதியதைத் தூக்கிக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். அவள் புதுப் போனைக் கீழே வைத்துவிட்டு, காலை ஆட்டி ஆட்டி முழுவதையும் வாசித்தாள்.

"போடுங்க அன்ரி," என்றாள். "எண்டாலும் என்ட பேர மாத்துங்க. நிலானி எண்டு போடுங்க. எனக்கு எப்பவும் அந்தப் பேர்தான் விருப்பம்."